கேட்பதற்கு எது காலம்?

இலக்கண நூல்கள் காலத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டன: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். பரீட்சை எழுதுகிற பையனுக்கு இந்தப் பிரிவு போதும். ஆனால் ஒருவன் இன்னொருவனிடம் ஒன்றைக் கேட்க வேண்டிய நிலையில் நிற்கும்போது இந்த மூன்றும் அவனைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. நேரில் போய்க் கேட்பதானால் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, தயக்கத்தைக் காட்டப் பிடரியைத் தடவிக்கொள்ள ஒரு கை இருக்கிறது. எழுத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்பவனுக்கு வினைச்சொல்தான் முகம். அந்த முகத்தை எந்தக் காலத்தில் வைத்துக்கொண்டு நிற்பது என்பது இலக்கணத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். என்னைக் கேட்டால், அது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி என்பேன்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். தாம் படித்த கல்லூரியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்குவதற்காக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆங்கிலத்தில் 'ஐ வாண்டட் டு ரிக்வெஸ்ட்' என்று தொடங்கியிருந்தார். 'ஐ வாண்ட்' என்று எழுதினால் அதட்டுவது போல இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். அவர் என்னிடம் வந்து கேட்டது இதுதான்:

"சார், நான் கேட்கிறது இப்போதானே? அப்புறம் எதுக்கு 'வாண்டட்'? இதையே தமிழ்லே 'கேட்க விரும்பினேன்'னு எழுதினா, இப்ப விருப்பம் போயிடுச்சான்னு கேக்க மாட்டாங்களா?"

சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்வி அல்ல இது. ஒரு மொழியில் பணிவாக இருப்பது இன்னொரு மொழியில் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே, ஏன்?

ஆங்கிலேயர்கள் வேண்டுகோள் விடுக்கும்போது கையாளுகிற சொற்களைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். 'குட்', 'வுட்', 'மைட்' எல்லாமே 'கேன்', 'வில்', 'மே' என்பவற்றின் இறந்தகால வடிவங்கள். அவர்கள் இறந்தகாலத்தைப் பயன்படுத்துவது நடந்து முடிந்ததைச் சொல்வதற்காக அல்ல. ஓரடி தள்ளி நிற்பதற்காக. 'எனக்கு ஒரு விருப்பம் இருந்தது' என்று ஒருவன் சொல்லும்போது, அந்த விருப்பத்தைத் தன் கையிலிருந்து இறக்கி மேஜையின் மேல் வைத்துவிடுகிறான். எதிரே இருப்பவர் மறுத்தாலும், நேற்று விரும்பிய ஒரு மனிதனைத்தான் மறுக்கிறார். இதோ இங்கே நிற்பவனை அல்ல. கேட்டவனுக்கும் அவமானமில்லை, மறுத்தவருக்கும் சங்கடமில்லை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும்கூட, 'கேட்க விரும்பினேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லித்தான் மெல்லக் கேட்கிறார்கள். இருவருக்குமே தப்பித்துப் போவதற்கு ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிற மரியாதை அது.

இதைவிட விசித்திரமான மரியாதை ஒன்று பழைய ரோமாபுரியில் இருந்தது. அங்கே கடிதம் எழுதுகிறவர், தாம் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தையே இறந்தகாலத்தில் சொல்வதுண்டு. 'எழுதுகிறேன்' என்பதற்குப் பதிலாக 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்பார். சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களில் இந்த வழக்கத்தைக் காணலாம். கடிதம் போய்ச் சேரும்போது எழுதிய நேரம் பழையதாகியிருக்கும். ஆகவே படிப்பவர் எந்தக் காலத்தில் இருப்பாரோ அந்தக் காலத்தில் தாமும் போய் நின்றுகொண்டு எழுதினார்கள். எழுதுகிறவர் தம்முடைய நிகழ்காலத்தை விட்டுக்கொடுத்துப் படிக்கிறவருடைய நிகழ்காலத்துக்கு இடம் தருகிறார். மின்னஞ்சல் எழுதுகிற நாம் இதை அடியோடு மறந்துவிட்டோம். பொத்தானை அழுத்திய மறு வினாடி அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் நம்முடைய அவசரமே அவருடைய அவசரமும் என்று எண்ணிக்கொள்கிறோம். சேர்வது ஒரு வினாடியில். படிப்பதும் யோசிப்பதும் இன்றைக்கும் மனித வேகத்தில்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். நம்முடைய இறந்தகாலம் தள்ளி நிற்கிற ஆள் அல்ல; ஓடி வந்து ஒட்டிக்கொள்கிற ஆள். சாப்பிட உட்கார்ந்தவரை வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டால், இலையிலிருந்து எழுந்திருக்காமலே, 'இதோ வந்துவிட்டேன்' என்று பதில் வருகிறது. வரவில்லை, வரப்போகிறார், ஆனால் வந்துவிட்டாராம். இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. விரைவைக் காட்டுவதற்காக, வரப்போவதை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்திருக்கிறார். நன்னூலார் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களையும் சேர்த்துச் சொல்கிறார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால், பெய்யப்போகிற மழையைப் பெய்துவிட்டதாகவே சொல்லலாம், அவ்வளவு நிச்சயம்.

ஆகவே தமிழில் 'கேட்க விரும்பினேன்' என்பது பணிவாகாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் தள்ளி நிற்கிற வித்தை தமிழுக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 'தந்தால் நலம்' என்கிறோமே, அந்தத் 'தந்தால்' எதிலிருந்து பிறந்தது? 'தந்தேன்', 'தந்தான்' என்பவற்றில் இருக்கிற அதே இறந்தகால அடியிலிருந்துதான். இன்னும் தராததை, தந்ததாக ஒரு கணம் கற்பனை செய்து, 'ஆல்' என்று ஒரு நிபந்தனையை ஒட்டிவிடுகிறோம். இறந்தகாலம் நம்மிடமும் பணிவுக்கு வேலை செய்கிறது. வெளியே தெரியாமல் செய்கிறது.

பழந்தமிழர் இந்த விஷயத்தில் எவ்வளவு நுட்பம் பார்த்தார்கள் என்பதற்கு இன்னொரு சான்று 'ஈ', 'தா', 'கொடு' என்ற மூன்று சொற்கள். மூன்றும் கேட்கிற சொற்கள்தாம். ஆனால் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ' என்பான்; ஒத்தவனிடம் 'தா' என்பான்; உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் 'கொடு' என்பான் என்று தொல்காப்பியர் வகுத்து வைத்தார். கேட்கிறவன் வாயைத் திறந்தவுடனே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். 'ஈ' இன்று பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் அந்தப் படிகள் போய்விட்டனவா? 'அனுப்பவும்' என்று ஒற்றைச் சொல்லில் முடிகிற மின்னஞ்சலைப் பாருங்கள். 'காலணிகளை வெளியே விடவும்' என்று சுவரில் எழுதி வைக்கிற அறிவிப்பின் மொழி அது. அதில் எழுதியவரும் இல்லை, படிப்பவரும் இல்லை, காலமும் இல்லை. எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையே மறந்துவிட்ட வினைச்சொல்.

காலத்தை ஏமாற்றுகிற வேலையை நாம் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். இரண்டு நாள் வகுப்புக்கு வராத பையன் மூன்றாம் நாள் ஒரு கடிதத்தோடு வருவான். 'இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்.' விடுப்பை எடுத்துத் தீர்த்தாயிற்று. இப்போது அனுமதி கேட்கிறான். அனுமதி என்பது எதிர்காலத்தைச் சேர்ந்தது. இறந்தகாலத்துக்கு வேண்டுவது மன்னிப்பு. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு படி இறங்க வேண்டும். இறங்காமல் இருப்பதற்காக 'தாழ்மை' என்ற சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். ஆசிரியருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். சொல்லில் தாழ்ந்து, செயலில் தாழாமல் இருக்கிற கலைக்கு அதுவே அரிச்சுவடி.

பெரியவர்கள் இதைவிடச் சாமர்த்தியமாக எதிர்காலத்தில் விளையாடுகிறோம். 'தாங்கள் இதைச் செய்து தருவீர்கள் என்று முழு மனத்தோடு நம்புகிறேன்' என்று எழுதுகிறோம். படிப்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் அந்தத் 'தருவீர்கள்' யாருடைய காலம்? அது அவருடைய நாளைய பொழுது. அவர் முடிவு செய்ய வேண்டியது. அவரைக் கேளாமல் நாமே முடிவு செய்து அவரிடமே ஒப்படைக்கிறோம். மறுத்தால் ஒரு நம்பிக்கையைக் கொன்றவர் ஆகிவிடுவார். 'முன்கூட்டியே நன்றி' என்பதும் இந்த ஜாதியே. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை அறிந்து நெஞ்சில் வைத்திருப்பதுதான் பெற்றவனுடைய கடமை. செய்யாத ஒன்றை அறிவது எப்படி? முன்கூட்டிச் சொல்லும் நன்றி, நன்றியல்ல, அச்சாரம். அச்சாரத்தை வாங்கிக்கொண்டவர் சரக்கைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

கேட்கிறவன் ஆதிக்கம் செய்யாமலும் இருக்க வேண்டும், கூனிக் குறுகாமலும் இருக்க வேண்டும் என்றால் அவன் எங்கேதான் நிற்பது? வள்ளுவரிடம் போனால் அவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். 'இரவு' என்று 106ஆம் அதிகாரம். தக்கவரைக் கண்டால் கேள், மறுத்தால் பழி அவருக்கே என்கிறார். அடுத்த அதிகாரம் 'இரவச்சம்'. அங்கே, பசுவின் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதுகூட நாவுக்கு இழிவு என்கிறார். இதில் முரண்பாடு இல்லை என்பது என் எண்ணம். கேட்க வேண்டிய நிலை வரத்தான் செய்யும். அப்போதும் கேட்கிறவனுடைய மானம் புண்படத்தான் செய்யும். இரண்டும் உண்மை. அதனால்தான் இரண்டு அதிகாரங்கள்.

ஆனால் வள்ளுவர் பேசுவது இரப்பதைப் பற்றி. இன்று நாம் எழுதுகிற வேண்டுகோள்களில் பாதிக்கு மேல் இரப்பே அல்ல. நமக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறோம். இங்கேதான் விஷயம் கனமாகிறது. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் நாளுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் ஒருவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பார். அரசாங்க ஊழியராக இருந்த கணவரை இழந்த ஓர் அம்மாள், நின்றுபோன குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் எதிரே குந்தியிருப்பார். 'சமூகம் தயவு கூர்ந்து, கருணை உள்ளத்தோடு, இந்த ஏழையின் மீது இரக்கம் காட்டி...' என்று பேனா தானாக ஓடும். ஓய்வூதியம் அரசு தன் விருப்பம் போல் அளிக்கும் கொடை அல்ல. உழைத்தவருக்குள்ள உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, டி.எஸ்.நகரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓய்வூதியர்கள் அந்தத் தேதியைத் தங்கள் நாளாகவே கொண்டாடுகிறார்கள். நீதிமன்றம் உரிமை என்றதை, மரத்தடிப் பேனா மறுபடியும் கருணையாக்கிக் கொடுத்துவிடுகிறது.

அப்படி ஒரு மனு எழுதுபவரிடம் நான் ஒரு முறை பேச்சுக் கொடுத்தேன். "இவங்களுக்கு வர வேண்டிய பணந்தானே ஐயா? 'வர வேண்டியது வரவில்லை, வழங்க வேண்டுகிறேன்' என்று எழுதினால் போதாதா?" என்றேன். அவர் பேனாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்:

"எழுதலாம் சார். படிக்கிறவரு நல்ல மனுசனா இருந்தா அதுவே போதும். இல்லேன்னா, 'என்ன, அதிகாரம் பண்ணுதே இந்தம்மா'ன்னு காகிதம் அடியிலே போயிடும். உங்களுக்கு வார்த்தை முக்கியம். அவங்களுக்கு மாசம் பொறந்தா அரிசி முக்கியம்."

இதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல. அந்த அம்மாளைப் பார்த்து, 'தாழ்மை என்று எழுதாதே, தலை நிமிர்ந்து எழுது' என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. வீறாப்பு வசதியுள்ளவனுக்கு இலவசம். இல்லாதவனுக்கு அதன் விலை ஒரு மாதத்து அரிசி. ஆனால் அவர் சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மனுவின் மொழி எழுதுகிறவரால் கெட்டதல்ல, படிக்கிறவரால் கெட்டது. கெஞ்சினால் நகரும், கேட்டால் நகராது என்ற பாடத்தை எத்தனையோ மேஜைகள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. குனிந்து எழுதுகிறவரைக் குறை சொல்வதைவிட, குனியாத மனுவைப் படித்து எந்த அதிகாரியின் முகம் சுளிக்கிறதோ அவரைக் கேட்பதுதான் நியாயம்.

அந்த மேஜையிலிருந்து வருகிற பதிலின் காலத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 'தங்கள் மனு பரிசீலிக்கப்படும்.' 'ஆவன செய்யப்படும்.' எதிர்காலந்தான்; ஆனால் யார் செய்வார், எப்போது செய்வார் என்பது அதில் இல்லை. செயப்பாட்டு வினைக்குள் ஆள் ஒளிந்துகொள்கிறார். எதிர்காலத்துக்குள் தேதி ஒளிந்துகொள்கிறது. கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று நிகழ்காலத்துக்கு வருவார்கள். அதுவோ முடிவே இல்லாத நிகழ்காலம். அந்த அம்மாள் எழுதிய 'இரக்கம் காட்டி' என்பதாவது பயத்தில் பிறந்தது. இந்தப் 'பரிசீலிக்கப்படும்' எதில் பிறந்தது?

இந்த ஆளில்லாத எதிர்காலத்துக்கு ஒரு கடிவாளம் போடலாம் என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் காட்டியது. அதன்படி தகவல் கேட்கிறவர் தமக்கு அது எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதற்கு 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிரையோ சுதந்தரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரத்துக்குள். தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் பொறுப்பான அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 'செய்யப்படும்' என்ற சொல்லுக்கு ஓர் ஆளையும் ஒரு தேதியையும் கொண்டுவந்து சேர்த்ததுதான் இந்தச் சட்டத்தின் இலக்கணம். அப்படியிருந்தும் அந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிற விண்ணப்பத்தில்கூட 'தயவு கூர்ந்து தந்து உதவுமாறு தாழ்மையுடன்' என்று நம் கை எழுதிவிடுகிறது. சட்டம் ஒரே நாளில் அமலுக்கு வந்துவிடும். கைப்பழக்கத்துக்கு இன்னும் நாளாகும் போலிருக்கிறது.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன யோசனை இவ்வளவுதான். கேட்பது உங்களுடைய செயல், இன்று செய்கிறீர்கள், ஆகவே 'கேட்டுக்கொள்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியிருந்தால் அது நடந்து முடிந்தது. 'இன்ன தேதியில் கட்டினேன்' என்று இறந்தகாலத்தில் தேதியோடு எழுதுங்கள். தருவது அவர்களுடைய செயல். அதை நீங்கள் எதிர்காலமாக்கி அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம். உங்களுக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும், ஏன் வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். நன்றியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்த பிறகு அதற்கென்று தனியாக இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'வாண்டட்' என்றே இருக்கட்டும். அது அந்த வீட்டு வழக்கம். அவரவர் வீட்டில் செருப்பை எங்கே கழற்ற வேண்டுமோ அங்கே கழற்றுவதுதான் மரியாதை.

இதில் உள்ள தத்துவம் பெரியதொன்றும் அல்ல. என் செயலுக்கு நான் சொந்தக்காரன். உங்கள் செயலுக்கு நீங்கள் சொந்தக்காரர். வேண்டுகோள் என்பது இந்த இரண்டு சொத்துக்கும் நடுவே உள்ள வரப்பு. வரப்பை என் பக்கம் தள்ளிப் போட்டால் அடிமைத்தனம். உங்கள் பக்கம் தள்ளிப் போட்டால் ஆக்கிரமிப்பு. இருந்த இடத்தில் விட்டு வைப்பதற்குப் பெயர்தான் பணிவு. பணிவு என்றால் நம்மைச் சிறுமைப்படுத்திக்கொள்வது என்று யாரோ நமக்குத் தவறாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்தவருக்கும் ஒரு மனம் உண்டு, அது 'இல்லை' என்றும் சொல்லலாம் என்பதை ஒப்புக்கொள்வதுதான் பணிவு. உரிமையைக் கேட்கும்போதோ, அந்த 'இல்லை'க்குக் காரணம் கேட்கிற துணிவும் பணிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அது பணிவைக் குறைத்துவிடாது.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு வினவு, வேண்டு என்பதோடு செவிகொடு என்பதும் பொருள். மனுவைக் கொடுப்பவர் செய்வதும் கேட்பது. வாங்குபவர் செய்ய வேண்டியதும் கேட்பது. ஒருவர் கேட்டு இன்னொருவர் கேட்காவிட்டால் அந்தச் சொல் பாதியில் நின்றுவிடுகிறது. கேட்பவர்களுக்கு இவ்வளவு விதி சொன்ன பிறகு, கேட்கப்படுகிறவர்களுக்கும் ஒரே ஒரு விதி சொல்லலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்குத் தமிழில் ஏற்ற காலம் எதிர்காலம் அல்ல. அவசரத்தில் கூப்பிட்டவனுக்கு, இலையில் இருக்கும்போதே 'வந்துவிட்டேன்' என்று பதில் சொல்கிற பழக்கம் நம்முடையது. அந்த விரைவு, ஓர் அம்மாளின் மனுவுக்கும் கிடைக்கட்டும். 'பரிசீலிக்கப்படும்' என்பதற்குப் பதிலாக, 'கொடுத்துவிட்டோம்' என்று ஒரு வரி போய்ச் சேரட்டும்.